கடற்பாசியும் கர்ப்பிணியின் சாப்பாடும்



இராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்து மக்களுக்குக் கஞ்சிப்பாசி புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் விளையும் சிவப்புப் பாசி இனம் அது. நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்தி, மறுபடி மறுபடி அப்படியே செய்தால் வெளுத்துவிடும். அதை வேகவைத்துக் கஞ்சி காய்ச்சுவார்கள். கடையில் 'சைனா கிராஸ்' என்று விற்பதும் இப்படிப்பட்ட சிவப்புப் பாசிகளிலிருந்து எடுப்பதுதான். ரம்ஜான் நோன்பு திறக்கும்போது பல வீடுகளில் வைக்கும் கடற்பாசியும் இதுவே. எலும்பில் செய்ததோ என்று சைவக்காரர்கள் சந்தேகப்பட வேண்டாம்.

செய்வது சுலபம். 10 கிராம் கடைப்பாசியைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். காய்ச்சிய பால் அரை லிட்டரும் சர்க்கரையும் சேர்த்து, வடிகட்டித் தட்டில் ஊற்றுங்கள். ஐஸ் பெட்டி தேவையில்லை, ஆறினாலே உறைந்துவிடும்.

"கர்ப்பிணிக்கு இதைக் கொடுத்தால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாதுங்க. பாசியில் இருப்பது பெரும்பாலும் நார்ச்சத்து. மலச்சிக்கலுக்கு நல்லது, ஆனால் வயிறு நிறையுமே தவிர ரத்தம் ஊறாது. இதில் உள்ள சத்து நீங்கள் ஊற்றிய பாலின் சத்துதான். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, மீன் இவை தினசரிச் சாப்பாட்டில் இருக்கட்டும். நான்காம் மாதம் முதல் இரும்புச்சத்து மாத்திரையைத் தினம் ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். டீயோடு சேர்த்து விழுங்க வேண்டாம். பாசியில் அயோடின் இருக்கிறதே என்று அயோடின் உப்பை நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு பாசி சாப்பிடட்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். சாக்கடை கலக்கும் இடத்துப் பாசியை எடுக்காதீர்கள். பெயர் தெரியாத பாசியைச் சமைக்காதீர்கள். பாசித்தூளை உலர்வாக வாயில் போட்டால் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். 6 மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே.

குடும்பத் தலைவர்களே, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறவள் யார்? வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் அப்படித்தானா? இன்று இரவு அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். மாத்திரை போட்டாளா என்றும் கேளுங்கள். தாய்க்கு ரத்தம் இருந்தால்தான் பிரசவம் பயமில்லாமல் நடக்கும்; பிள்ளையும் எடையோடு பிறக்கும்.