கேமரன் மலையில் ஒரு வாடகை வீடு



கிள்ளானில் அண்ணன், பிரிக்பீல்ட்ஸில் தங்கை, பூச்சோங்கில் சித்தப்பா, ரவாங்கில் அத்தை. கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மில் பலருடைய உறவு வட்டம் இப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கூப்பிடு தூரம். அந்தக் கூப்பிடு தூரம் எவ்வளவு என்பது ஃபெடரல் நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டவருக்குத்தான் தெரியும். தீபாவளிக்கு ஒரு மணி நேரம், கல்யாணப் பந்தியில் பத்து நிமிடம், துக்க வீட்டில் கொஞ்ச நேரம். அண்ணனும் தங்கையும் ஒரு வருடத்தில் முகம் பார்த்துப் பேசுவது அவ்வளவுதான். பிறகு டிசம்பர் வந்ததும் இதே ஆட்கள் நாலு காரில் ஏறி, இருநூறு கிலோமீட்டர் போய், கேமரன் மலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, இரண்டு மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு வருகிறார்கள்.

கேட்க வேடிக்கைதான். ஆனால் எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. யார் வீட்டில் கூடினாலும் அந்த வீட்டுக்காரர் விருந்து பரிமாறவே நேரம் சரியாகிவிடும், மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாத வீட்டில் எல்லாரும் விருந்தாளி. மழை பெய்தாலும், சண்டை வந்தாலும், இன்றைக்கே கிளம்பிவிட முடியாது. அந்த முடியாமைக்குத்தான் நாம் வாடகை கொடுக்கிறோம் என்று சொல்வேன்.

அது ஏன் டிசம்பர்? முன்பெல்லாம் நவம்பர் நடுவில் பள்ளி மூடினால் புத்தாண்டு வரை விடுமுறை. கோவிட் வந்து பள்ளித் தவணையை மார்ச் மாதத்துக்குத் தள்ளியது. ஆண்டிறுதி விடுமுறை ஒன்றிரண்டு வாரமாகச் சுருங்கி, எல்லாக் குடும்பமும் ஒரே வாரத்தில் மலைக்குப் போக ஆரம்பித்தது. 2026ல் பள்ளி மறுபடி ஜனவரிக்கே திரும்பிவிட்டது.

நம் குடும்பங்களில் இன்னொரு கணக்கும் உண்டு. அண்ணன் வீடு கோயிலுக்குப் போகும், அண்ணியின் தாய்வீடு மாதா கோயிலுக்குப் போகும். கிள்ளான் லூர்து மாதா ஆலயத்திலோ பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா மாதா ஆலயத்திலோ கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து, காலையில் முறுக்கும் கேக்கும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்ட பிறகுதான் அவர்களால் கிளம்ப முடியும். ஆகவே புறப்பாடு இருபத்தாறாம் தேதி விடியற்காலை. அதற்குள் வெந்நீர் பிளாஸ்க் முதல் தாத்தாவின் இன்சுலின் வரை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும். இன்சுலினை மட்டும் கார் டிக்கியில் வைக்காதீர்கள். வெயிலில் கெட்டுவிடும், குளிர்ப்பையில் போட்டு முன் இருக்கையின் கீழ் வையுங்கள்.

டிசம்பரில் கிழக்குக் கரையை மறந்துவிட வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழைக் காலம். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் கடையை மூடிவிடுவார்கள். மிஞ்சுவது போர்ட்டிக்சன், மலாக்கா, பினாங்கு, கேமரன். கோலாலம்பூரிலிருந்து சுமார் தொண்ணூறு கிலோமீட்டரில் இருக்கும் போர்ட்டிக்சன் சுலபம்தான். அந்தச் சுலபத்தாலேயே பாதிப் பேர் ராத்திரியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதனால் என் ஓட்டு மலைக்கு.

மேற்குக் கரையிலும் வானத்தை நம்ப முடியாது. 2021 டிசம்பர் 17ஆம் தேதி பிடித்த மழையை கிள்ளான், ஷா ஆலம் மக்கள் மறக்க மாட்டார்கள். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது. தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். நெடுஞ்சாலைகளில் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எத்தனையோ குடும்பங்கள் சூட்கேஸ் அடுக்குவதை விட்டுவிட்டுச் சோபாவைத் தூக்கி மேலே வைத்தன. ஆகவே கிளம்புவதற்கு முன் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். போகும் இடத்துக்கு மட்டும் இல்லை, பூட்டிவிட்டுப் போகும் வீட்டுக்கும் சேர்த்து.

கிள்ளான்காரர்கள் புக்கிட் ராஜாவில் டோலுக்குள் நுழைந்தால் தாப்பாவில்தான் வெளியே வருவார்கள். ஃபெடரல் நெடுஞ்சாலையில் பத்து தீகா டோல் 2018 ஜனவரி முதல் தேதி ஒழிந்ததோடு டோல் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். டச் அன் கோ கார்டில் பணம் இல்லாமல் தாப்பா டோலில் நின்று, பின்னால் வரும் காரிலிருந்து மச்சான் இறங்கி ஓடி வரும் காட்சி எல்லாக் குடும்பத்திலும் ஒரு தடவையாவது நடந்திருக்கும். பண்டிகைக் காலத்தில் சில சமயம் அரசாங்கம் டோலைத் தள்ளுபடி செய்வதுண்டு. 2022ல் கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு நாள் இலவசமாகவே விட்டார்கள். இலவசம் என்றால் கூட்டம் இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எந்த ஊருக்கு எந்த நேரம் புறப்பட்டால் நல்லது என்று நெடுஞ்சாலையை நடத்தும் பிலஸ் நிறுவனம் பண்டிகை தோறும் ஓர் அட்டவணை வெளியிடும். அதை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதோடு சரி, நம்மில் யாரும் படிப்பதில்லை.

நாலு காரும் ஒன்றன்பின் ஒன்றாகவே போக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். முன்னால் போகும் காரைத் தவறவிடக் கூடாது என்று லோரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நெளிந்து ஓட்டுவதுதான் ஆபத்து. தாப்பா ஓய்வுத்தளத்தில் சந்திப்போம் என்று சொல்லிக்கொண்டால் போதும். அங்கே பசியாறிவிட்டு மலை ஏறலாம். பிள்ளைகளுக்குப் பாதி வயிறே போதும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை அறுபது கிலோமீட்டர் அளவுக்கு வளைவு வளைவாகப் பழைய சாலை. லாத்தா இஸ்கண்டார் அருவி வருவதற்குள் பின் இருக்கையில் ஒரு பிள்ளையின் முகம் வெளுக்கும். பாட்டி மடியில் தயாராக வைத்திருக்கும் பிளாஸ்டிக் பையை விரித்து, மறு கையால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைப்பார். சன்னலைத் திறந்துவிட்டால் ஈரமான காட்டுக் காற்று வரும், அதிலேயே பாதி சரியாகிவிடும்.

இந்தச் சாலை 1931 வாக்கில்தான் தானா ராத்தாவை எட்டியது. வில்லியம் கேமரன் 1885ல் அளக்க வந்து, அவர் பெயர் மலைக்கு ஒட்டிக்கொண்டது. 1929ல் போ தேயிலைத் தோட்டம், 1933ல் பாரத் தேயிலைத் தோட்டம். அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்த கைகளில் நம் ஆட்களின் கைகள் எத்தனையோ. உங்களோடு வரும் பெரியவர் ஒருவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவராக இருக்கலாம். தேயிலைக்கு நடுவில் நின்று படம் எடுக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அவர் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், தயவுசெய்து படத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டு விஷயம். பள்ளி விடுமுறை வந்தாலே முகநூலில் இல்லாத ஹோம்ஸ்டேக்கெல்லாம் விளம்பரம் வரும். படம் அழகாக இருக்கும், விலை மலிவாக இருக்கும், முன்பணம் மட்டும் இன்றைக்கே வேண்டும் என்பார்கள். பணம் போடுவதற்கு முன் அந்த வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே புகார் வந்த கணக்கென்றால் காட்டிவிடும். பணம் போன பிறகுதான் தெரிந்தது என்றால் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997ஐ அழையுங்கள். அடுக்குமாடி வீடு என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: நிர்வாகம் குறுகிய கால வாடகையை அனுமதிக்கிறதா? கோலாலம்பூர் மொன் கியாரா அடுக்குமாடி வழக்கில், நிர்வாகம் இப்படிப்பட்ட வாடகைக்குத் தடை போடலாம் என்று 2020ல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டுக்காரர் சரி என்றாலும், பதினெட்டுப் பேரும் அரிசிப் பானையுமாக நீங்கள் போய் இறங்கும்போது பாதுகாவலர் தடுத்தால் பேச்சுக்கு இடமில்லை. எத்தனை பேர் வருகிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பாட்டிக்குக் கீழே ஒரு படுக்கையறை உண்டா, கழிப்பறைக்குப் படியேற வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

சமையலறை இருக்கிறதா என்பதுதான் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி. இருந்தால் என்ன ஆகும்? அம்மாவும் அண்ணியும் அத்தையும் கிள்ளானில் செய்த வேலையைக் குளிரில் செய்வார்கள். ஆண்கள் முற்றத்தில் கரி அடுப்பில் இரண்டு கோழித் துண்டைப் புரட்டிவிட்டு நாங்களும் சமைத்தோம் என்பார்கள். என் கட்சி இதுதான்: இரவுச் சாப்பாடு ஆண்களின் பொறுப்பு, காய் நறுக்குவதிலிருந்து சட்டி கழுவுவது வரை. ரசம் கொஞ்சம் உறைக்கும், சோறு குழையும், யாரும் சாகமாட்டார்கள்.

சாப்பாடு முடிந்த பிறகு வரும் நேரம்தான் அந்த வாடகைக்கு ஈடு. வெளியே பதினேழு பதினெட்டு டிகிரி. கூடத்தில் மெத்தையை வரிசையாகப் போட்டிருக்கும். பிள்ளைகளுக்கு ஜிம் தாம்ப்சன் கதையைச் சொல்லுங்கள். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர்பெற்ற அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு, இதே மலையில் நண்பர்களின் பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்தவர், சற்று நடந்துவிட்டு வரலாம் என்று வெளியே போனார். இன்று வரை கிடைக்கவில்லை. கதை முடியும்போது கழிப்பறைக்குப் போக ஒரு பிள்ளைக்கு மூன்று பேர் துணை வேண்டியிருக்கும். பெரியவர்களின் பேச்சு அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். அப்பா வாங்கித் தராத சைக்கிள், விற்றுப்போன வீடு, பதினைந்து வருடத்து மனத்தாங்கல் எல்லாம் வெளியே வரும். மறுநாள் காலை தே தாரிக் ஆற்றிக்கொண்டே அதே இருவர் சிரித்துப் பேசுவதையும் பார்க்கலாம்.

சுற்றிப் பார்ப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஸ்ட்ராபெரித் தோட்டமும் பிரிஞ்சாங் இரவுச் சந்தையும் அங்கேயேதான் இருக்கும். விடுமுறை வாரத்தில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டு, மற்ற நேரம் வீட்டில் இருங்கள்.

இறங்கும்போது சின்ன கியரில் இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். சாலையோரம் ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் தேனும் விற்பார்கள், வாங்கிக்கொள்ளலாம். முன்பணம் கட்டியது மாமா, கோழி வாங்கியது சித்தப்பா, பெட்ரோல் யாரென்று தெரியவில்லை என்ற அந்தக் கணக்கை மட்டும் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், கூடத்தில் உட்கார்ந்து வெள்ளி சென் சுத்தமாக முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த தீபாவளி வரை இழுக்கும்.