தொட்டில் மரத்தில் இல்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவன் குழந்தை போட்டோவைப் பற்றிப் பேச வந்திருக்கானே" என்று சிலர் நினைக்கலாம். படங்களைக் கையாளும் மென்பொருள்தான் என் தொழில். ஆகவே இதுவும் நம்ம பாடம்தான்.

பிறந்து பத்து நாளே ஆன குழந்தை, மரக்கிளையில் தொங்கும் தொட்டிலில் தூங்குகிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு படத்தில் குழந்தை முழங்கையை ஊன்றி, இரு கைகளிலும் மோவாயைத் தாங்கியபடி தூங்கும். உண்மையில் எந்தக் குழந்தையும் அப்படித் தூங்குவதில்லை. அந்த வயதில் தலையே நிற்காதே! முறையாக வேலை செய்பவர்கள் இரண்டு படம் எடுக்கிறார்கள். ஒன்றில் உதவியாளரின் கை தலையைப் பிடித்திருக்கும்; மற்றொன்றில் மணிக்கட்டைப் பிடித்திருக்கும். கை தெரியாத பகுதிகளைச் சேர்த்தால் நாம் பார்க்கும் படம் கிடைக்கும். தொட்டில் படமும் அப்படித்தான். மரத்தைத் தனியாக எடுத்திருப்பார்கள். குழந்தை தரையில் மெத்தைமேல் இருக்கும், பக்கத்திலேயே அம்மா.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு காலத்தில் மாளிகையும் தோட்டமும் வரைந்த திரை தொங்கியது. இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆனால் சில கணக்குகள் சரியாக இருந்தால்தான் கண் நம்பும்.

முதலில் உயரம். சமதரையில் கேமராவை 5 அடி உயரத்தில் வைத்துப் பின்னணியை எடுத்தால், அடிவானக் கோடு 5 அடி உயரத்தைக் குறிக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே குழந்தையின் தலை போனால், 5 அடிக்கு மேல் வளர்ந்த குழந்தையாகத் தெரியும்! ஆகவே குழந்தையை எந்த உயரத்திலிருந்து எடுத்தோமோ, அதே உயரத்திலிருந்து பின்னணியையும் எடுக்கணும்.

அடுத்து ஒளி. விளக்கிலிருந்து குழந்தை 3 அடி, பின்னால் துணி 9 அடி என்றால், துணிக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு ஒளிதான். அதனால் துணிக்குத் தனி விளக்கு வேண்டும். துணியை ஒட்டி உட்கார வைத்தால் பச்சை நிறம் கன்னத்தில் அடிக்கும். குழந்தை பச்சைப் பட்டுப்பாவாடை கட்டி வந்தால், பாவாடையே காணாமல் போய்விடும்! அப்போது நீலத் துணியை மாட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது ஓரம். முடி விளிம்பில் ஒரு புள்ளி முழுக்க முடியும் அல்ல, முழுக்கப் பின்னணியும் அல்ல. முடி 0.4 பங்கு என்றால் பின்னணி 0.6 பங்கு. இந்தக் கலப்புக் கணக்கைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984-இல் விதிகளாக வகுத்தார்கள்.

கடைசியாக நிழல். உடம்பு தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருநிழல் இல்லாவிட்டால் குழந்தை மிதக்கும். இப்போது மென்பொருள் நொடியில் உருவத்தை வெட்டித் தந்துவிடுகிறது. ஆனாலும் இந்த நாலையும் பார்த்துச் சரிசெய்ய ஆள் வேண்டும்.

இத்தனை பாடும் எதற்கு? மரத்தில் தொங்கும் அழகு படத்துக்குக் கிடைக்கணும். குழந்தை தரையை விட்டு எழும்பக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் வேலை எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பார்ப்பவர் அதை நிஜம் என்று நம்புவார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தகப்பனார் வீட்டிலேயே கூடையைக் கட்டித் தொங்கவிட்டால் என்ன ஆகும்? அதனால், படம் எடுப்பவர் "இது சேர்த்துச் செய்த படம், வீட்டில் முயலாதீங்க" என்று பெற்றோரிடம் சொல்வதும் வேலையில் ஒரு பகுதிதான்.

தம்பி தங்கைகளே, நாளை உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் படம் எடுக்கப் போவீர்கள். "கொஞ்ச நேரம் அப்படியே தூக்கி வைக்கலாம் சார்" என்று யாராவது சொன்னால், "வேண்டாங்க, ரெண்டு படமா எடுத்துச் சேர்த்துக்குங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள்.