டெம்பரேச்சர் முள் சொல்வது மெய்தானா?



சேற்றுழவு மும்முரமாக நடக்கும்போது டிராக்டரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறினால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்தார், தெர்மோஸ்டாட்டையும் மாற்றினார். முள் இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால், எலி கடித்த ஒயர் இஞ்சின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது!

அதற்காக எடுத்த எடுப்பில் ஒயரைச் சந்தேகிக்காதீர்கள். உழவை நிறுத்தி, இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள். பெல்ட்டையும் பாருங்கள். இரண்டும் சரி, இஞ்சின் ஆறியும் முள் சிவப்பிலேயே நிற்கிறதென்றால் கோளாறு ஒயரிலோ, சென்சாரிலோ, மீட்டரிலோதான்.

சென்சார் என்பது தெர்மோஸ்டாட் பக்கமாகத் திருகியிருக்கும் சின்னப் பித்தளைத் துண்டு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், முள் ஏறும். சாவியைப் போட்டு, இஞ்சினை ஓட்டாமல், சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். முள் குளிர்ச்சிப் பக்கம் விழவேண்டும். விழுந்தால் சென்சார் கெட்டிருக்கிறது. விழாவிட்டால் ஒயர் எங்கோ எர்த் ஆகிறது, அல்லது மீட்டர் பழுது.

முள் எழும்பவே இல்லையா? கழற்றிய ஒயரை ஓரிரு நொடி மட்டும் இஞ்சினின் சுத்தமான இரும்பில் தொட்டுப் பாருங்கள். முள் ஏறினால் ஒயரும் மீட்டரும் நல்லவை, சென்சாரை மாற்றலாம். ஏறாவிட்டால் பியூஸ், ஒயர், மீட்டர் என்று தேடவேண்டும். புதுச் சென்சாரின் மரையில் டேப்பைச் சுற்றிவிடாதீர்கள். அதற்கு இஞ்சின் உடம்புதான் எர்த்.

இதெல்லாம் ஒற்றை ஒயர் சென்சாருக்கு மட்டும். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் இரண்டு ஒயர் இருக்கும். அங்கே இப்படித் தொட்டுப் பார்க்கவே கூடாது. சென்சாரைத் தனியே கழற்றி மல்டிமீட்டரில் அளக்கவேண்டும். பெரும்பாலானவற்றில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும்.

ஏறிய முள்ளைவிட எனக்குப் பயம், ஏறாத முள்ளைக் கண்டுதான். தண்ணீர் குறைந்து சென்சாரின் முனை வெறும் காற்றில் நின்றால், உள்ளே இஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதுவாகப் படுத்திருக்கும். ஹெட் கேஸ்கட் போன பிறகுதான் தெரியும். ஆகவே தினமும் காலையில், வண்டியைக் கிளப்புமுன், மூடியைத் திறந்து கண்ணால் தண்ணீரைப் பாருங்கள்.