வாய்ப்புண்ணும் நமது மௌனமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயம் பற்றிப் பேசுமாறு அழைத்தீர்கள். நானோ வெற்றிலைத் தட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

இலங்கையில் ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் முன்னிற்பது வாய்ப்புற்று. 2006, 2007ஆம் ஆண்டுகளில் நமது சபரகமுவ மாகாணத்திலே 30 வயது கடந்த ஆயிரத்துச் சொச்சம் பேரின் வாயைப் பரிசோதித்தனர். நூற்றுக்குப் பதினொருவர் அளவில், புற்றாக மாறக்கூடிய குறிகள் காணப்பட்டன. வெற்றிலை மெல்லுதலே பெருங்காரணம் என்றனர். "புகையிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டுந்தான்" என்பாரும் நம்மிடையே உளர். பாக்கே புற்றை விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் நூலாகவே வெளியிட்டுவிட்டது.

மெல்லுபவரை நான் ஏசவில்லை. இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போகிறவருக்குப் பசியையும் குளிரையும் மறக்கச் செய்வது அந்த ஒரு வாய் வெற்றிலைதானே!

என் தாய்மாமன் இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாய் ஒரு படை. காரம் எரிந்தது, வலி இல்லை. வலியில்லாத ஒன்றுக்காக யார் ஒரு நாட்பேரை இழப்பார்? பின்னர் அது புண்ணாயிற்று. அப்பொழுது மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். "கலியாணம் முடியட்டும் தம்பி, அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாதே" என்றார் அத்தை. நானும் வாய்மூடி இருந்தேன். ஒன்பது மாதங்கள்! கத்தி பட்டாற் பரவும் என்றார் ஒருவர். செய்வினை என்றார் மற்றொருவர். லயத்தில் அவருடைய தேநீர்க் கோப்பையைத் தனியே வைத்தார்கள். இந்நோய் ஒட்டுவதன்று, ஆயினும் வைத்தார்கள்.

ஈற்றில் ஒரு வைத்தியசாலையிலே கொடுத்த துண்டு சிங்களத்தில் இருந்தது. திகதியைத் தவறாக விளங்கி, கிளினிக் நாளைத் தவறவிட்டோம். அப்புறந்தான் மகரகமை. இரத்தினபுரியிலிருந்து ஹைலெவல் வீதி நேரே அவ்விடம் செல்கிறது. 80 கிலோமீற்றருக்கு மேல். சிகிச்சைக்குக் காசில்லை, உண்மை. ஆனால் வாய்ப்புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை ஆறேழு கிழமை, கிழமைக்கு ஐந்து நாள். அத்தனை நாளும் பேர் விழாது. கூட இருப்பவருக்கும் விழாது. மகளின் தலைப்பிரசவத்தைக் காணாமலே மாமா போய்விட்டார்.

சுவாமிக்கு வைக்கும் தாம்பூலத்தை எடுக்கச் சொல்லவில்லை. பந்தலில் மெல்லுவதற்கென்று வைக்கும் தட்டைத்தான் எடுக்கச் சொல்கிறேன். வீட்டிற் கண்ணாடியும் வெளிச்சமும் போதும்: வெள்ளைப் படை, சிவப்புப் படை, இரண்டு கிழமையில் ஆறாத புண், வாய் முன்போலத் திறவாமை. இவற்றுள் ஒன்று கண்டாலும் அரசாங்கப் பல் வைத்தியரிடம் போங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் துணைக்குச் செல்லட்டும்.

மேசைமேல் ஒரு கொப்பி இருக்கிறது. போகவேண்டியவர் பெயர் ஒரு பக்கம், துணைபோகிறவர் பெயர் மறுபக்கம். முதற்பெயர் என் அத்தையினுடையது. அவரும் வெற்றிலை போடுபவரே. செவ்வாய்க்கிழமை காலைப் பஸ்ஸுக்குப் போகிறோம். மறுபக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.