இருதயத்திற்குத் துணை எஞ்சின்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யான் மருத்துவன் அல்லன், இரயில்வே குமாஸ்தா. ஆயினும், நம் குடும்பங்களில் ஒருவருக்குக் கடும் மாரடைப்பு நேருங்கால், “இருதயத்திற்குப் பம்பு வைக்கலாமா?” என மருத்துவர் வினவின், கலங்கிய நெஞ்சோடு விடை கூற வேண்டியவர் மனைவியும் மக்களுமே. ஆதலின் இப்பொருள் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

புணே செல்லும் வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்புறம் துணை எஞ்சின் பூட்டுவதைக் கண்டிருப்பீர்கள். போர்காட் மலை ஏறும் வரை அது தள்ளும், லோணாவளாவில் கழற்றப்படும். இருதயப் பம்பும் அத்தகையதே. தளர்ந்த இருதயம் தேறும்வரை, அல்லது மாற்று இருதயம் கிட்டும்வரை, அது குருதியைச் செலுத்தித் துணை நிற்கும். அடைபட்ட குழாயைத் திறப்பது அதன் வேலையன்று.

இவற்றுள் பழையது, பெருநாடியினுள் வைக்கும் பலூன். இருதயம் விரியுங்கால் அது ஊதும், சுருங்குங்கால் ஒடுங்கும். அமெரிக்காவில் டாக்டர் காண்ட்ரோவிட்ஸ் 1967இல் இதனைக் கையாண்டார். நெடுங்காலம் இஃது உயிர் காக்கும் என்றே பலரும் நம்பினர். ஆனால் ஜெர்மனியில், மாரடைப்பால் குருதியோட்டம் குன்றிய 600 பேரை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கணக்கு வேறாயிற்று. முப்பது நாளில் மாண்டோர், பலூன் வைத்தவருள் நூற்றுக்கு 40, வைக்காதவருள் 41.

அடுத்தது, தொடை நாளத்தின் வழியே இருதயத்தின் இடது அறைக்குள் செலுத்தும் சிறு சுழல் பம்பு. டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளில் நடந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஆறு திங்களில் மாண்டோர் நூற்றுக்கு 46. பம்பு இல்லாதவருள் 58க்கும் மேல். நன்மை மெய்யே. எனினும் குருதிக் கசிவும், காலுக்கு ஓட்டம் தடைப்படுதலும், சிறுநீரகக் கேடும் மிகுந்தன.

மூன்றாவது, மார்பினுள் நிலையாகப் பொருத்துவது. மாற்று இருதயம் பெற இயலாத 129 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஓராண்டு பிழைத்தோர் பம்புடன் நூற்றுக்கு 52. மருந்து மட்டும் உண்டவர் 25. இன்றைய புதுப் பம்புடன் ஐந்தாண்டு வாழ்வோர் நூற்றுக்கு 58. சென்னையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன் குழுவினர் இதனைப் பொருத்தியுள்ளனர். ஆனால் வயிற்றினின்று வெளிவரும் கம்பியும், மின்கலமும், குருதி உறையாமைக்கான மருந்தும் வாழ்நாள் துணையாகும். செலவோ பல இலட்சம்.

எனவே, பம்பு என்ற பெயரைக் கேட்டதும் வீட்டை விற்க ஓடுதலும் தகாது; அஞ்சி மறுத்தலும் தகாது. எந்தப் பம்பு? எதுவரை? வைக்காவிடில் யாது நேரும்? இம்மூன்றையும் மருத்துவரிடம் பணிவுடன் கேட்டறிதல் நம் உரிமை.

இன்னொன்றும் கூறுவேன். நெஞ்சுவலியை வாயு என்றெண்ணி, இஞ்சிச் சாறு அருந்திவிட்டுக் காலை வண்டியைப் பிடிக்க ஓடுவோர் நம்மிடையே உளர். மலையடியிலேயே வண்டி கெட்டு நின்றபின் துணை எஞ்சின் என் செய்யும்? வலி கண்டவுடன் மருத்துவமனை சேருங்கள். அடுத்த வண்டி வரும். போன உயிர் வாராது.