லிஃப்ட் கிட் போட்டா எது உயரும்?

கீரிப்பாறை பக்கம் ஜிம்னி ஓட்டுற ஒருத்தர் கேட்டிருந்தார்: ரெண்டு இஞ்ச் லிஃப்ட் கிட்டை வீட்டு முற்றத்துலயே மாட்டலாமா?

கையால முடியும் மக்கா. ஜிம்னியில ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஷாக்கைக் கழட்டி, ஆக்ஸிலை ஜாக்கியில மெதுவா இறக்கினா ஸ்பிரிங் தளர்ந்து வந்துரும். பிரேக் ஹோஸ் இழுபடாம பாத்துக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க. தாரோட முன்பக்கம் வேற கதை. ஷாக் மேலயே ஸ்பிரிங் அமுங்கி உக்காந்திருக்கும், நழுவினா ஆளை முடிச்சிரும்.

ஆனா எது உயருது? ஜிம்னிக்கு ரெண்டு பக்கமும் ரிஜிட் ஆக்ஸில். பாடிதான் மேல போகும். பாறையில தட்டுற டிஃபரன்ஷியல் குண்டு அங்கேயே நிக்கும். அதை உயர்த்த பெரிய டயர்தான் வழி. கூடவே ஸ்டீயரிங் அலைய ஆரம்பிக்கும். காவல்கிணறு நாலுவழிச்சாலையில 80ல போறப்போதான் அது தெரியும்.

அப்புறம் சட்டம். கேரளாவுல இருந்து போன வழக்குல 2019ல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு: 52வது பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்ட அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல அதைத்தான் பாப்பான்.

கம்பெனி தர்றதே 210 மி.மீ. எஸ்டேட் ரோட்டுக்கு நான்னா அதே சைஸ்ல நல்ல ஏ.டி. டயர் வாங்குவேன்.