கடைச்சரக்கு ஊருணியான வரலாறு

(கம்பைநல்லூரில் தமிழன்பர்க்கும் மாணவர்க்கும் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தகடூர் மண்ணில் வாழ்பவர்க்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இப்பகுதிச் சிற்றூர்களில் தனியொருவர்க்குரிய கிணறும் உண்டு. ஊர்ப்பொதுவான ஏரியும் உண்டு. கிணற்றுக்குரியவர் நல்லவராயின் ஊராரையும் நீர் மொள்ள விடுவார். அவர் அந்நிலத்தை விற்றுவிட்டால்? வாங்கியவர் வேலியடைத்துவிட்டால்? நேற்றுவரை நிறைகுடத்தோடு திரும்பியவர் இன்று வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டியதுதான். ஏரியோ எவர் ஒருவர்க்கும் உரியதன்று. ஆனால் கரை உடைந்தால் ஊரே திரண்டு மண் சுமக்க வேண்டும். 'குடிமராமத்து' என்று அயற்சொல் கலந்து வழங்கிய அந்த ஊர்ப்பணியே ஏரியைக் காத்தது. அப்பணி நின்ற இடங்களில் ஏரியும் தூர்ந்தது.

கணினியைப் பற்றிப் பேச வந்த இடத்தில் ஏரியைப் பற்றிய பேச்சு ஏன் என்று இளைஞர்கள் எண்ணலாம். கணினியுலகிலும் கிணறு உண்டு, ஏரியும் உண்டு. கிணற்றை ஏரியாக்கிய வரலாறும் உண்டு. அவ்வரலாறு தமிழர்க்கு மிகவும் வேண்டுவது.

மென்பொருள் என்பது கணினிக்கு இடும் ஆணைகளின் கோவை. மாந்தர் படித்துத் திருத்தக்கூடிய அதன் வடிவமே மூலநிரல். வணிக நிறுவனங்கள் பல அதனைப் பூட்டி வைக்கும். சில நிறுவனங்கள் அதனைத் திறந்து வைத்து, எவரும் படிக்கலாம், திருத்தலாம், பரப்பலாம் என்று உரிமமும் வழங்கும். இதனையே கட்டற்ற மென்பொருள் என்கிறோம். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்லைக் கொண்டு இடர்ப்படுகின்றனர். தமிழில் அவ்விடர்ப்பாடு இல்லை. விலையின்மை வேறு, விடுதலை வேறு. விலையின்றிக் கிடைப்பதெல்லாம் விடுதலை பெற்றதாகிவிடாது.

விடுதலையற்ற மென்பொருளால் தமிழ் பட்ட பாட்டை முதியோர் அறிவர். 1990களில் தமிழ் எழுத்துருக்களைச் செய்து விற்றோர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியேற்றம் வைத்துக்கொண்டனர். ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரையை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் தமிழ் தெரியாது. பொருளற்ற குறிகளே தெரியும். 1999-இல் தமிழக அரசு விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் தரப்படுத்தியது; 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்குள் எத்தனை எழுத்துப்படிகள் திறக்க வழியின்றி வீணாயின! தமிழர் எழுதிய எழுத்தின் திறவுகோல் கடைக்காரர் மடியில் இருந்ததன் விளைவு அது.

இனி, கிணற்றை மீட்ட இரு வரலாறுகளைக் காண்போம்.

முதலாவது, விலை கொடுத்து மீட்டது. முப்பருமான உருவங்களும் அசைபடங்களும் ஆக்கும் 'பிளெண்டர்' என்னும் மென்பொருளை நெதர்லாந்து நாட்டுத் தோன் உரோசெண்டால் உருவாக்கினார். அதனை வளர்த்து விற்பதற்கென அவர் தொடங்கிய நிறுவனம் 2002-இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. மூலநிரல் முதலீட்டாளர் கையில் சிக்கியது. ஆக்கியவர்க்கே தம் ஆக்கத்தின்மேல் உரிமை இல்லை! அவர் சோர்ந்துவிடவில்லை. ஊதியம் கருதாத அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1,00,000 யூரோ தந்தால் மூலநிரலை விடுவிப்பதாக முதலீட்டாளர் ஒப்பினர். 2002 சூலையில் உலகெங்குமுள்ள பயனாளரிடம் கையேந்தினார். ஏழே கிழமைகளில் தொகை திரண்டது. அவ்வாண்டு அக்தோபரில் மூலநிரல் உலகப் பொதுவாயிற்று. அம்மென்பொருளைக் கொண்டு ஆக்கிய இலாத்துவிய நாட்டு அசைபடமொன்று 2025-இல் ஆசுக்கர் பரிசு பெற்றது. அன்று சிறுசிறு தொகை தந்தவர்கள் ஏமாந்தவர்களா? அவர்களே வென்றவர்கள்!

இரண்டாவது, பிரிந்து சென்று மீட்டது. இது நமக்கு இன்னும் நெருக்கமானது; தமிழில் கடிதமும் கணக்கும் எழுதும் கருவியைப் பற்றியது. செருமனியில் 1985-இல் மார்கோ போரிசு என்னும் இளைஞர் தொடங்கிய நிறுவனத்தின் 'சுடார் ஆபீசு' என்னும் அலுவலகத் தொகுப்பை 1999-இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் வாங்கியது. 2000-இல் மூலநிரலைத் திறந்துவிட்டது. 'ஓப்பன் ஆபீசு' என்னும் பெயரில் அது பரவியது. பன்னாட்டுத் தொண்டர்களும் கூடித் திருத்தினர். தத்தம் மொழியில் பெயர்த்தனர். பல நாடுகளில் வாழ்ந்த தமிழிளைஞரும் 'தமிழா' என்னும் குழுவாய் இணைந்து, கூலி கருதாது அதனைத் தமிழாக்கினர்.

எனினும் பெயரும், இணையத்தளமும், ஆளுகையும் நிறுவனத்திடமே இருந்தன. உழைத்தவர் ஊரார்; உரியவர் ஒருவர். 2010 சனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. கிணறு கைமாறிற்று. சன்னிடமிருந்து வந்த 'ஓப்பன் சோலாரிசு' என்னும் மற்றொரு திறந்த திட்டத்தை அவ்வாண்டே ஆரக்கிள் கைவிட்டது. தம் திட்டத்துக்கும் அக்கதி நேருமோ என்று தொண்டர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

அஞ்சி வாளாவிருந்தனரா? இல்லை. 2010 செப்தம்பர் 28-ஆம் நாள், எந்த நிறுவனத்துக்கும் அடங்காத 'ஆவண அறக்கட்டளை' என்னும் பொருள்படும் அமைப்பை அறிவித்தனர். ஓப்பன் ஆபீசு என்னும் பெயரைத் தருமாறு ஆரக்கிளை வேண்டினர். ஆரக்கிளையும் உறுப்பாகச் சேர அழைத்தனர். பெயர் கிடைக்கவில்லை. புதிய அமைப்பில் சேர்ந்தவர்கள் பழைய திட்டத்தின் மன்றத்திலிருந்து விலகவேண்டும் என்ற விடையே வந்தது. பெயரை விட்டார்கள், பொருளை விடவில்லை. உரிமம் இடங்கொடுத்ததால் மூலநிரலின் படியை எடுத்துக்கொண்டு, 'இலிப்ரே ஆபீசு' என்று புதுப்பெயரிட்டனர். 'இலிப்ரே' என்பது பிரெஞ்சிலும் இசுப்பானியத்திலும் விடுதலையுற்றது எனப் பொருள்படும் சொல். பொருத்தமான பெயர்!

அறக்கட்டளையைச் செருமானியச் சட்டப்படி நிறுவ 50,000 யூரோ மூலதனம் வேண்டியிருந்தது. 2011 பிப்ரவரியில் மக்களிடம் கேட்டனர். எட்டே நாளில் அத்தொகை சேர்ந்தது. 2012 பிப்ரவரியில் பெர்லினில் அறக்கட்டளை சட்டப்படி நிலைபெற்றது. இதற்கிடையே, 2011-இல் ஆரக்கிள் ஓப்பன் ஆபீசை வணிகப் பொருளாக வளர்ப்பதை நிறுத்தி, அதனை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அதற்குள் தொண்டர்களிற் பெரும்பாலோர் புதிய வீட்டில் குடியேறிவிட்டனர்.

இவ்விரு வரலாறும் உணர்த்துவன யாவை?

ஒன்று: திறந்த உரிமம் விதை, அதுவே விளைச்சல் ஆகாது. உரிமம் இருந்ததாலன்றோ பிரிந்து செல்ல முடிந்தது! ஆனால் பெயரையும், தளத்தையும், ஆளுகையையும், பணத்தையும் காக்க ஒரு பொதுவீடு இல்லாதவரை தொண்டர்கள் குடக்கூலி இல்லாத குடியிருப்பாளர்களே.

இரண்டு: அப்பொதுவீட்டில் குரல், பணம் தந்தவர்க்கு மட்டுமன்று, பணி செய்தவர்க்கு. ஆவண அறக்கட்டளையில் நிரல் எழுதியவரும், மொழிபெயர்த்தவரும், பிழை கண்டவரும் உறுப்பினராகலாம். அவர்களே ஆட்சிக்குழுவைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

மூன்று: வணிகர் பகைவரல்லர். இரெட் ஆட்டு, நோவெல், கனோனிக்கல், கூகுள் ஆகிய நிறுவனங்களும் தொடக்கத்திலேயே இம்முயற்சியை ஆதரித்தன. வணிகர் ஏரி நீரைப் பாய்ச்சிப் பயிரிடலாம். ஏரியை வளைத்துப் போடக்கூடாது என்பதே வரம்பு.

நான்கு: அறக்கட்டளை அமைந்தவுடன் உழைப்பு முடிந்துவிடுவதில்லை. அப்போதுதான் தொடங்குகிறது. ஊதியம் கருதாத அமைப்புக்கும் செலவு உண்டு. நன்கொடை வற்றினால், தொண்டர் குறைந்தால், ஏரி தூர்ந்தது போலவே அதுவும் தூர்ந்துபோகும்.

தமிழர்களே! அன்று 'தமிழா' குழுவினர் செய்த தமிழாக்கம் அழியாமல் புதிய தொகுப்புக்கும் வந்து சேர்ந்ததே, ஏன்? அது ஒரு கடையின் உடைமையாக இல்லாமல் பொதுவுடைமையாக இருந்ததால்! இன்று கம்பைநல்லூர்ப் பள்ளி மாணவர் ஒருவர் இலிப்ரே ஆபீசைக் காசின்றி இறக்கிக்கொண்டு, தமிழிலேயே அதன் பட்டியல்களைக் கண்டு, தமிழிலேயே எழுதலாம். ஆயினும் அதில் தமிழாகாத பகுதிகள் இன்னும் உள. அவற்றைத் தமிழாக்கக் கடையில் எவரும் அமர்ந்திருக்கவில்லை. நாம்தான் ஆக்க வேண்டும்.

மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டு, வீட்டில் திருட்டுப்படியாகப் பெற்ற அயலான் கருவியில் ஆங்கிலப் பட்டியலைத் தடவுவது தமிழ்ப்பற்று ஆகுமா? நாளைக்குப் பத்துச் சொல் தமிழாக்குங்கள். பிழை கண்டால் முணுமுணுக்காமல் எழுதித் தெரிவியுங்கள். இயன்றவர் ஆண்டுக்கொரு முறை நூறு உருபாவேனும் இத்தகைய அறக்கட்டளைகளுக்கு வழங்குங்கள். நிரல் எழுதக் கற்ற இளைஞர்கள் தாம் ஆக்கும் தமிழ்க் கருவிகளைத் திறந்த உரிமத்தோடு வெளியிடுங்கள். அது வளருமுன்னரே அதற்கொரு பொதுவீட்டையும் எண்ணுங்கள். தனியொருவர் தோளில் நிற்கும் கருவி அவரோடு சாயும்.

கரையில் நின்று ஏரி நிறைந்திருக்கிறது என்று மகிழ்வது எளிது. மண்வெட்டி எடுப்பவனே ஏரிக்கு உரியவன்.

வாழ்க தமிழ்! ஓங்குக தமிழர் ஒற்றுமை!